குடியுரிமைத் தாள் இல்லாதவர்களுக்கு: கேரள எல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆரியங்காவு கணவாய் தாண்டித் தென்மலை, குளத்துப்புழா, புனலூர் வரையிலும், குமுளி வழியே வண்டிப்பெரியாறு, பீர்மேடு, கவி வரையிலும் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களில் ஒரு பகுதியினர் இலங்கை மலையகத்தில் இருந்து வந்தவர்கள். சிலர் கையில் எந்த நாட்டின் தாளும் இல்லை. சிலரிடம் தாள் இருக்கிறது, ஆனால் அது எதற்கு உதவும் என்று தெரியவில்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்கும், அவர்களுக்காக அலுவலகப் படி ஏறுகிறவர்களுக்கும் எழுதப்பட்டது.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடியுரிமை கேட்டு மனுப் போடுவது கடைசி வேலை. ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சட்டப்படி இந்தியராக இருக்கும் ஒருவர் அவசரப்பட்டு ‘எனக்குக் குடியுரிமை தாருங்கள்’ என்று எழுதினால், தான் அந்நியர் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். பிறகு அந்தக் கோப்பே அவருக்கு எதிராக நிற்கும்.

மூன்று வகைக் குடும்பங்கள்

இலங்கை 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர்கள் ஆக்கியது. 30.10.1964 அன்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

அப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் தொடங்கிய மறுவாழ்வு ரப்பர் தோட்ட நிறுவனம் இவர்களுக்காகவே உண்டானது. கவியில் வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்திலும் இவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். இவர்கள் நாடற்றவர்கள் அல்ல, இந்தியக் குடிகள். ஊரார் இன்னும் ‘சிலோன்காரர்’ என்று அழைப்பதால் சட்டத்தில் எதுவும் மாறிவிடாது. இவர்களுக்கு வேண்டியது புதிய குடியுரிமை அல்ல, பழைய தாளின் தொடர்ச்சி.

இரண்டாவது வகை, 1983-க்குப் பின் படகில் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் பதிவானவர்களும் அவர்களின் பிள்ளைகளும். பெயிண்டிங், கட்டட வேலை என்று கேரளத்துக்கு வந்து போகிறவர்கள் இவர்களில் பலர். பெரும்பாலோர் இலங்கைக் குடிகள். அதற்கான சான்று மட்டும் இல்லாதிருக்கலாம்.

மூன்றாவது வகைதான் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். இவர்கள் மலையகத்தில் பிறந்த இந்திய வம்சாவளியினர். ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு மனுப் போட்டு, அது முடியும் முன்பே கலவரத்துக்குத் தப்பி அகதியாக வந்தார்கள். அங்கேயும் பெயர் இல்லை, இங்கேயும் பெயர் இல்லை. உண்மையில் நாடற்றவர்கள் இவர்களே.

(சாதிச் சான்று கிடைக்காத மூணாறு, பீர்மேடு தமிழர்களின் சிக்கல் வேறு. 1950-இல் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதை வைத்து வருவது அது. அதைக் குடியுரிமையோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டு வேலையும் கெடும்.)

முதல் படி: பிறந்த தேதியும் பிறந்த இடமும்

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மூன்று கால அளவுகளில் நிற்கிறது.

26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவர் ஆனாலும், பிறப்பாலேயே இந்தியர். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் மட்டுமே உண்டு.

1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர் என்றால், அவர் பிறந்தபோது தாயோ தகப்பனோ ஒருவர் இந்தியக் குடியாக இருந்திருக்க வேண்டும்.

3.12.2004 முதல் பிறந்தவர் என்றால், இருவரும் இந்தியக் குடிகளாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஒருவர் குடியாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். 1983 முதல் 1987 ஜூன் வரை முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ பிறந்த குழந்தை, பெற்றோர் அகதிகளாக இருந்தாலும், இந்தியக் குடி. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் இதே காரணத்தைக் காட்டிக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இப்படிப்பட்டவர்கள் இன்னும் அகதி அட்டையோடு இருந்தால், போட வேண்டியது குடியுரிமை மனு அல்ல. பிறப்புச் சான்றை வைத்துக் கடவுச்சீட்டு மனுதான் போட வேண்டும்.

இங்கே அடிக்கடி கெடுவது பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்க வயது சரியாக வர வேண்டும் என்று ஆசிரியரே மே, ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். 1986 நவம்பரில் பிறந்தவருக்குப் பள்ளிச் சான்றில் 1.6.1988 என்று இருந்தால், அந்த ஒரு வரி அவரை இந்தியர் வரிசையில் இருந்து வெளியே தள்ளிவிடுகிறது. பிறப்புப் பதிவும் பள்ளிப் பதிவும் மோதினால், பிறந்த காலத்திலேயே எழுதப்பட்ட பதிவே வலுவானது. மருத்துவமனைப் பிரசவப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு, அந்த ஆண்டின் முகாம் கணக்கு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். பள்ளிப் பதிவைத் திருத்துவது அதற்குப் பிறகு.

இன்னொரு கண்ணி மூன்றாவது வரியில் இருக்கிறது. தாய் இந்தியர், தகப்பன் 1990-இல் படகில் வந்தவர், பிள்ளை 2008-இல் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனிடம் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததால் அவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று அலுவலகம் எழுதும். பிள்ளையின் குடியுரிமை அங்கேயே சிக்கும். இந்தக் குடும்பங்கள் வழக்கறிஞர் இல்லாமல் எந்தப் படிவத்தையும் நிரப்பக் கூடாது.

இரண்டாம் படி: பெற்றோரின் தாளைத் தோண்டி எடுப்பது

தாயகம் திரும்பிய குடும்பங்கள் தேட வேண்டியவை: கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த கடவுச்சீட்டு, குடியுரிமைப் பதிவுச் சான்று, மறுவாழ்வுக் குடும்ப அட்டை, தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்தபோது எழுதிய பதிவேடு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பழைய ரேஷன் அட்டை, 2002 வாக்காளர் பட்டியல். கேரளத்தில் 2025-இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் அந்த 2002 பட்டியலைத்தான் அடிப்படையாகக் கொண்டது. அதில் தாய் தகப்பன் பெயர் உள்ள பக்கத்தை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுப்பது போதாது. பிள்ளைகளின் பெயர் எழுதிய பக்கம், தலைமன்னாரில் புறப்பட்டதற்கும் இந்தியாவில் இறங்கியதற்கும் முத்திரை குத்திய பக்கம் இரண்டும் பல வழக்குகளில் உயிர்நாடி. பத்து வயதில் அம்மாவோடு வந்த பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு இருந்திருக்காது. அந்தப் பக்கத்தில் நீல மையில் எழுதிய ஒரு வரிதான் அவருக்கு உள்ள சான்று. எனவே வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் நகல் எடுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாத தாளை அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். மூலத் தாளை யாரிடமும் விட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மூலம் தொலைந்து, வாரிசு ஒருவரின் குடியுரிமையில் சந்தேகம் எழுந்தால், சட்டத்தின் 13-ஆம் பிரிவு கைகொடுக்கும். சந்தேகம் உள்ள ஒருவர் இந்தியக் குடிதான் என்று மத்திய அரசு சான்று கொடுக்கலாம் என்கிறது அது. மோசடி இல்லாதவரை அந்தச் சான்றே முடிவானது. இப்படி ஒரு பிரிவு இருப்பது கீழ்நிலை அலுவலகங்களில் பலருக்குத் தெரியாது. மனுவின் தலைப்பிலேயே பிரிவு எண்ணை எழுதுங்கள்.

மூன்றாம் படி: பெயர்களை ஒன்றாகக் கட்டுவது

தோட்டப் பதிவில் லெட்சுமி, தமிழ்நாட்டு முகாமில் லட்சுமி, மலையாளச் சான்றில் லக்ஷ்மி. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்னால் விரிந்து நிற்கும், மூன்றாவதில் வீட்டுப் பெயராக மாறியிருக்கும். மூன்று தாளும் மூன்று ஆட்களுடையவை போலத் தெரியும்.

இதற்குக் கேரள வருவாய்த் துறையில் நேர்வழி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சொல்லும் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றை வில்லேஜ் ஆபீஸில் இருந்து பெறலாம். அக்ஷயா மையம் (அரசின் இணையச் சேவை மையம்) வழியாக விண்ணப்பிக்கலாம். உறவுமுறைச் சான்றும் அப்படியே. ஒவ்வொரு எழுத்து வேறுபாட்டுக்கும் தனித்தனியாக ஓடாதீர்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, எந்தத் தாளில் எந்தப் பெயர், எந்தத் தேதி, எந்த ஊர் என்று எழுதுங்கள். எல்லா வேறுபாடும் ஒரே சான்றில் வரும்படி கேளுங்கள்.

எழுத்துப் பிழையைக் காட்டியே யாரேனும் மறுத்தால், உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ரஹீம் அலி வழக்கில் சொன்னதை மேற்கோள் காட்டுங்கள். பெயரிலும் தேதியிலும் உள்ள சிறு முரண்களை வைத்து ஒருவரை அந்நியர் என்று முடிவு கட்டக் கூடாது. அப்படிச் சந்தேகிக்கவே அதிகாரியிடம் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும்.

நேட்டிவிட்டி சான்று, ஆதார் இரண்டும் குடியுரிமைக்குச் சான்று ஆகாது. ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அவை வசிப்பிடத்தையும் ஆளையும் காட்டும் துணைத்தாள்கள் மட்டுமே.

நான்காம் படி: பிறப்புப் பதிவு

பெற்றோரின் குடியுரிமை பிறப்பைப் பதிவு செய்வதற்கு நிபந்தனை அல்ல. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்தாலும் முகாமில் பிறந்தாலும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாவட்ட மாஜிஸ்திரேட், சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்கு முன் இதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. பழைய நினைவில் இப்போதும் நீதிமன்றத்துக்கு அனுப்பி வைக்கிறவர்கள் உண்டு.

பிறந்த ஊரில்தான் பதிய வேண்டும், இப்போது வாழும் ஊரில் அல்ல. குளத்துப்புழாவில் இருப்பவர் மண்டபத்தில் பிறந்திருந்தால், ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் மனு. முதலில் அந்த உள்ளாட்சியில் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்குங்கள். அது இல்லாமல் எந்த மாஜிஸ்திரேட்டும் கோப்பைத் திறக்க மாட்டார். 1.10.2023 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டுவது பிறப்புச் சான்றே. பிந்தப் போட்டால் பின்னால் அலைச்சல் பல மடங்கு.

ஐந்தாம் படி: அந்தப் பக்கத்துப் பதிலை எழுத்தில் வாங்குவது

எந்த நாட்டுச் சட்டமும் தன் குடியாகக் கருதாதவரே நாடற்றவர். அதைச் சொல்ல வேண்டுமானால் இலங்கையின் பதில் வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளையின் தகப்பனோ தாயோ இலங்கைக் குடி என்றால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து வம்சாவளிக் குடியுரிமைச் சான்று பெறலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாக இந்த வேலையில் உதவுகிறது. இந்திய வம்சாவளியினருக்காக இலங்கை 2003-இல் கொண்டுவந்த 35-ஆம் இலக்கச் சட்டம், 30.10.1964 முதல் அங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் வழி திறந்தது. இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களும் அதில் சேரும்படி 2009-இல் திருத்தினார்கள்.

ஆனால் இதில் கையெழுத்துப் போடும் முன் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். இலங்கைக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால், ‘நான் நாடற்றவர், இந்தியா என்னை ஏற்க வேண்டும்’ என்ற வாதம் தளர்ந்துவிடும். திரும்பிப் போக விரும்புகிறவருக்கு அது நல்ல வழி. இங்கேயே வேரூன்றிய மூன்றாவது வகைக் குடும்பத்துக்கு அது சரியான வழி அல்ல என்பது எங்கள் கருத்து.

ஆறாம் படி: இந்தியக் குடியுரிமை மனு

1955 சட்டத்தின் 5-ஆம் பிரிவு பதிவு, 6-ஆம் பிரிவு இயல்புரிமை (நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததை வைத்துக் குடியுரிமை பெறுவது). பதிவுக்கு ஏழாண்டு வசிப்பு வேண்டும். இயல்புரிமைக்கு மனுவுக்கு முந்தைய 12 மாதமும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் வேண்டும். எட்டாவது அட்டவணை மொழி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது.

சிக்குவது இரண்டு இடத்தில். 5(1)(அ)-வில் ‘இந்திய வம்சாவளி’ என்றால் மனுதாரரோ அவரது பெற்றோரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். பாட்டன் பாட்டி பிறந்தது கணக்கில் வராது. மலையகத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். இரண்டாவது, சட்டவிரோதக் குடியேறிக்கு இரண்டு பிரிவுமே மூடியவை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு விலக்குக் கொடுத்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை.

இந்தச் சுவரில் விரிசல் போட்டது மதுரைக் கிளை. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 17.6.2019 அன்று, இவர்களின் மனுக்களை வாங்கி 16 வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி உத்தரவானது. எதிர்ப்பக்கம் இதை எப்படி மறுக்கும், மேல்முறையீட்டில் இப்போது என்ன நிலை என்று உங்கள் வழக்கறிஞர் பார்த்த பிறகே மனுவில் சேருங்கள். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் விலக்கு ஆணை, 9.1.2015 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளில் இருந்து விலக்குத் தருகிறது. சிறைப் பயத்தைக் குறைப்பது அது, குடியுரிமை தருவதல்ல.

அந்த ஆணையில் ‘பதிவு செய்துகொண்ட’ என்பதே சாவி. வேலைக்கு எல்லை தாண்டும் முகாம்வாசிகள் இதைக் கவனிக்க வேண்டும். முகாமில் கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லை என்றால் பதிவு வெட்டிப் போகும். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டே புறப்படுங்கள், அதன் நகலை வைத்திருங்கள்.

மனு உள்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியது. கடவுச்சீட்டு எண் இல்லாதவருக்குப் படிவம் நடுவில் நின்றுவிடும். நின்ற திரையைப் படம் பிடித்து, அதையே இணைத்து, முழு மனுவையும் தாளில் மாவட்டக் கலெக்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மறுபரிசீலனை கேட்கலாம்: மறுத்தது கீழ் அதிகாரி என்றால் 15-ஆம் பிரிவு, மத்திய அரசே என்றால் 15-ஏ பிரிவு. பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்படி வழக்கு.

கையெழுத்துப் போடக் கூடாத இடங்கள்

குடியுரிமை உறுதியாகாதவர் வாக்காளர் படிவம் 6-இல் கையெழுத்துப் போடக் கூடாது. கட்சிக்காரர் நல்லெண்ணத்தில் நிரப்பித் தந்தாலும் பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை. கடவுச்சீட்டு மனுவில் பொய் சொன்னால் இரண்டு ஆண்டு வரை; இந்தியக் குடி அல்லாதவர் தன் நாட்டை மறைத்து மனுப் போட்டால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. உண்மையான குடியாக இருந்து பட்டியலில் பெயர் நீக்கப்பட்டவர் அஞ்ச வேண்டாம். 15 நாளுக்குள் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமும், அங்கே தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு உண்டு.

காத்திருக்கும் காலத்தில்

அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல, எந்த மனிதருக்கும் உரியவை. சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 14(2) காட்டுங்கள். பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100, அல்லது தாலுக் சட்டப்பணிக் குழு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

‘நீ இந்தியர்தானா’ என்று நோட்டீஸ் வந்தால் வாய்மொழியாகப் பதில் சொல்லாதீர்கள். நிரூபிக்கும் சுமையைச் சட்டம் நம் தலையில்தான் வைத்திருக்கிறது. தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, கூடுதல் அவகாசம் வேண்டுமானால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

சேர்ந்து குரல் கொடுப்பது

தனி மனு மேசையில் தூங்கும், கூட்டு மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 65 பேர் ஒன்றாகப் போனதால்தான் 2019 உத்தரவு வந்தது. ஒரு தோட்டத்தில் எத்தனை குடும்பம் என்று எழுதும்போது, மேலே சொன்ன மூன்று வகைகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். எல்லாரையும் ஒரே கோரிக்கையில் அடைத்தால், தாயகம் திரும்பிய குடும்பத்தின் குடியுரிமைக்கே சந்தேகம் கிளம்பும். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தவறான கையில் அது பிடித்துப் போகும் பட்டியலாக மாறலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் குடிமகன்தான் மனுப் போட முடியும். ஆகவே அக்கம்பக்கத்து இந்தியக் குடி ஒருவர் உங்களுக்காகப் பொதுத் தகவல் கேட்கட்டும்: இந்த மாவட்டத்தில் எத்தனை குடியுரிமை மனுக்கள் வந்தன, எத்தனை மேலே போயின, எத்தனை நாளாக நிற்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு யாரும் கட்டணமில்லாமல் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். மலையாளம் வராது என்று தயங்க வேண்டாம். குறைதீர் மனுவை மத்திய அலுவலகத்தில் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அலுவலகத்தில் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. தமிழில் எழுதுங்கள், தேவையானால் மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

நாடற்றோர் பற்றிய 1954, 1961 சர்வதேச உடன்படிக்கைகளில் இந்தியா சேரவில்லை. அவற்றை மட்டும் நம்பி மனு எழுதினால் எடுபடாது. இந்தியா ஒப்புக்கொண்டவற்றைப் பிடியுங்கள். 1992-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவும், 1979-இல் ஏற்ற குடிசார் அரசியல் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவும் குழந்தைக்கு ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமையைப் பேசுகின்றன. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இந்தியா பற்றிய நாலாவது சுற்று ஆய்வு 2022 நவம்பரில் நடந்தது. அடுத்த சுற்றுக்கு அமைப்புகள் அறிக்கை அனுப்பலாம்: தனி அமைப்பு 2,815 சொல்லுக்குள், பல அமைப்புகள் கூட்டாக என்றால் 5,630 சொல்லுக்குள். வில்லேஜ் ஆபீஸில் இருந்து வாங்கிய ரசீதுகளின் தேதியும் கலெக்டர் அலுவலகம் பதில் தராத மாதங்களின் கணக்கும் அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.